பதினோரு மணித் தெளிவு

அணைக்கு நான்கு மைல் கீழே, ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம் இருந்தது. அதை நடத்திய பெண்ணுக்கு நாற்பது வயது. எல்லோரும் மடத்தம்மா என்றே அழைத்தார்கள்.

புதிதாக வருபவர்களுக்கு அவர் ஒரே ஒரு பாடம்தான் வைப்பார். கண்ணாடி டம்ளரில் ஆற்றுநீரை மொண்டு, கலக்கி, எதிரில் வைத்து உட்காரச் சொல்வார்.

“தொடாதீங்க. தானாத் தெளியும். மனசும் அப்படித்தான்.”

சீடர்களில் வயதில் மூத்தவர் தணிகாசலம். ஐம்பத்தேழு வயது. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அந்த அணைக்கு அவர்தான் பொறியாளர். பதினேழு வயது இளையவரை அவர் அம்மா என்று கூப்பிட்டார்.

ஐப்பசியில் ஒரு மதியம் அவர் நனைந்துகொண்டு வந்தார். மழை பெய்யத் தொடங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. கையில் குடை இல்லை. ஒரு பாட்டில் இருந்தது.

“அம்மா, மனசு தெளிய மாட்டேங்குது.”

“அது என்ன பாட்டில்?”

“கசிவுத் தண்ணி.”

அது மண்ணால் கட்டிய அணை. மண் அணை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவு தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால், அணை தன் வயிற்று மண்ணையே கரைத்து வெளியே அனுப்புகிறது என்று பொருள். அதனால் தினமும் விடியலில் அணைக் காவலாளான லஸ்கர் முனிரத்தினம் அணையடியில் போய் ஒரு பாட்டில் பிடித்து, அலுவலக ஜன்னலில் வைத்துவிடுவார். தணிகாசலம் பதினோரு மணிக்கு அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். நான்கு மாதமாக எழுதியது ஒரே சொல்: தெளிவு.

“முனிரத்தினம் ஒரு நாள் சொன்னான். ‘சார், பிடிக்கிறப்ப பால்காப்பி கணக்கா இருக்குது சார்’னு. நான் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். ‘காப்பி குடிக்காம வந்துட்டியா, எங்கய்யா இருக்கு இதுல காப்பி?’ன்னேன். ஆபீசே சிரிச்சுது.”

“அடியில மண்ணு இருந்திருக்குமே?”

“இருந்துது. பாட்டிலைக் கழுவாமப் பிடிக்கிறான்னு நினைச்சேன். அதுக்கும் அவனைத்தான் திட்டினேன்.”

மடத்தம்மா அவருக்குத் துவட்ட ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார்.

“இன்னிக்கு அவனுக்குக் காய்ச்சல். நானே போய்ப் பிடிச்சேன். பிடிக்கிறப்ப அவன் சொன்ன பால்காப்பிதான்.”

அவர் பாட்டிலை நீட்டினார். நீர் தெளிந்திருந்தது. அடியில் ஒரு விரல் கனத்துக்கு மண் படிந்திருந்தது. மடத்தம்மா குலுக்கினார். பாட்டில் முழுக்கச் செம்மண் நிறமானது.

“மேல சொன்னீங்களா?”

“உடனே சொன்னேன். ‘நாலு மாசமாத் தெளிவுன்னு எழுதினவரும் நீங்கதான், இப்பக் கலங்கல்னு சொல்றவரும் நீங்கதான். எதை நம்பறது? திங்கக்கிழமை ஆள் அனுப்பறோம்’ங்கறாங்க. நான் எழுதின தெளிவை நம்பித்தான் அணையை முழுசா நிரப்பி வச்சிருக்காங்க.”

“மதகு?”

“உத்தரவு வராமலே திறந்துட்டேன். போறதைவிட வர்றது அதிகம்மா. கீழ பத்தொம்பது ஊர் இருக்கு. நான் என்ன செய்யணும்?”

மடத்தம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். அரிசி பாதி வெந்திருந்தது. ஒரு குடம் தண்ணீரை எடுத்து அடுப்பில் கொட்டினார். புகையில் இருமியபடி சீடர்கள் எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள்.

“மேட்டுக்குப் போங்க,” என்றார் அவர்களிடம். “நீங்க என்கூட வாங்க,” என்றார் தணிகாசலத்திடம்.

முதல் ஊர் சேப்பந்தாங்கல். மழைக்கு ஆண்கள் டீக்கடையில் ஒதுங்கியிருந்தார்கள். மடத்தம்மா பாட்டிலைக் குலுக்கிக் காட்டினார்.

“அணை ஒடையப் போவுது. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போயிடுங்க.”

டீக்கடை குப்பம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. “அம்மா, மனசைப் பத்தி நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறோம். அணையைப் பத்தி என்ஜினீயர் சொல்லட்டும்.”

“நான்தாம்மா என்ஜினீயர்,” என்றார் தணிகாசலம்.

அவள் கரண்டியால் சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘அணை பாதுகாப்பாக உள்ளது. பொதுமக்கள் அச்சப்பட வேண்டாம்.’ கீழே கையெழுத்து.

“அப்ப இது யாரு போட்டது?”

“நான்தான்.”

“படிச்சுப் பார்த்துட்டுத்தான போட்டீங்க?”

பெஞ்சில் இருந்த ஒருவர், “மடத்துல இன்னிக்கு அடுப்பு எரியல போல. ரெண்டு பேருக்கும் டீயைக் குடு குப்பம்மா, எல்லாம் சரியாயிடும்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

தணிகாசலம் போய் அந்தத் தாளைக் கிழித்தார். சிரிப்பு நின்றது.

“பயப்படாதேன்னு எங்களுக்கு வந்த ஒரே கடுதாசி அது,” என்றாள் குப்பம்மாள். “அதையும் கிழிச்சிட்டீங்களே சார்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரே ஒருவர் தன் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தார். மடத்தம்மா அவரிடம் நன்றி சொன்னார்.

“ஆடு நனையுதும்மா,” என்றார் அவர். “அங்க கூரை இருக்கு. கட்டிட்டு வந்துடுவேன்.”

இருவரும் அடுத்த ஊருக்கு நடந்தார்கள். பாதையை ஒட்டி ஆறு ஓடியது. காலையில் இருந்ததைவிட இப்போது சிவந்திருந்தது. இன்னும் பதினெட்டு ஊர். பதினெட்டுச் சுவரிலும் அதே தாள், அதே கையெழுத்து.

தணிகாசலம் நின்றுவிட்டார்.

“அம்மா, நீங்க கத்துக் கொடுத்ததைத்தான் நான் செஞ்சேன். தொடாம வச்சேன். அது தெளிஞ்சுது.”

மடத்தம்மாவும் நின்றார். கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். மேல்பக்கம் ஏற்கெனவே தெளியத் தொடங்கியிருந்தது.

“பன்னண்டு வருஷமா எல்லாருக்கும் அதைத்தான் சொன்னேன்,” என்றார். “அந்த மண்ணு எங்கேயிருந்து வருதுன்னு ஒருத்தரைக்கூட நான் கேக்கச் சொல்லல.”