குடிக்காத தரை

செண்பகவல்லி கும்பகோணத்திலிருந்து ஏற்காடு மலையேறி ஆசிரமத்துக்கு வந்ததே ஒரு கேள்வியோடுதான்.

“சாமி, என் பையன் போனை எடுக்க மாட்டேங்கிறான். நான் அவனுக்கு என்ன குறை வச்சேன்?”

முத்துவடுகச் சாமி அவள் மகனைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்தவர். தியானக் கூடத்தைத் தினமும் துடைக்க முடியுமா என்று மட்டும் கேட்டார்.

மலைக்குளிருக்காகப் போட்ட வினைல் என்கிற பிளாஸ்டிக் பலகைத் தரை அது. பார்த்தால் தேக்கு மரம்தான். காலையில் மேகம் ஜன்னல் வழியே உள்ளே வந்து, அதன்மேல் கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டுப் போகும்.

செண்பகவல்லி எள்ளென்றால் எண்ணெயாக நிற்பவள். துடைக்கச் சொன்னால் கழுவினாள். ஊரில் செய்கிற மாதிரியே வாளி வாளியாக ஊற்றித் தள்ளினாள். நடுநடுவே மகனுக்கு போன். அவன் எடுக்காவிட்டால் என்ன, வாட்ஸப்பில் பேசிப் பேசி அனுப்பினாள். சாப்பிட்டானா, தலைக்கு எண்ணெய் வைத்தானா, யாரோடு சுற்றுகிறான்.

ஒரு நாள் காலை கூடத்தில் கால் வைத்ததும் பலகைகள் மெல்ல ஏறி இறங்கின. சளக் சளக் என்றது. பாவம், அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“நல்லாத்தானே பாத்துக்கிட்டேன் சாமி.”

சாமி ஓரப் பலகை ஒன்றைக் கிளப்பிக் காட்டினார். அவள் ஊற்றிய தண்ணீரெல்லாம் இடுக்கு வழியே இறங்கி, அடியில் தேங்கி நாறியது.

“இது குடிக்காத தரைம்மா,” என்றார்.

இருவருமாகப் பலகைகளைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்கள். மேகம் வருவதும் போவதுமாக இருந்ததால் காய நாளாயிற்று. பலகைகளைத் திருப்பித் திருப்பி வைத்ததில் அவள் போனைத் தொடவே மறந்துபோனாள்.

மறுபடி பதித்த அன்று, சாமி ஒரு துணியை நனைத்து, சொட்டில்லாமல் பிழிந்து அவளிடம் கொடுத்தார். துடைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் மறைந்தது.

போன் அடித்தது. மகன்.

“என்னம்மா, சத்தத்தையே காணோம்?”

சாப்பிட்டானா என்று கேட்க வாயெடுத்தாள். கையில் பிழிந்த துணி இருந்தது.

“ஒண்ணுமில்லப்பா. இங்க மேகம் உள்ள வந்து படுத்திருக்கு.”



“அப்புறம்?” என்றான்.