கூடைக் கயிறு

அன்று காலையில் பரஞ்சோதிக்கு இருந்தது ரொம்பச் சின்னப் பயம். மறுநாள் தேர்வுக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

கல்யாணப் படம் எடுத்தே தலை நரைத்த மனிதர். ஐம்பதை நெருங்கும் வயசில் நுண்கலைக் கல்லூரியில் புகைப்பட ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். வழிகாட்டி ரெஹானா அவரைவிடப் பத்து வயது இளையவர். இவர் மேடம் என்பார், அந்த அம்மாள் சார் என்பார். குரு சிஷ்ய மரியாதை இப்படியும் இருக்கும், என்ன செய்ய?

கல்லூரியில் ரெஹானாவின் அறையில் படங்களை மேசைமேல் பரப்பினார். எல்லாவற்றிலும் ஒரே கட்டடம். பழைய மாடிக் குடியிருப்பு ஒன்றை எதிர் மொட்டைமாடியிலிருந்து வாராவாரம் எடுத்திருந்தார். மேல் மாடியில் குடியிருப்பது அவருடைய அக்கா மங்களம். கீரைக்காரிக்காக அக்கா பால்கனியிலிருந்து தொங்கவிடும் கயிறும் அதன் நுனியில் கூடையும் எல்லாப் படத்திலும் இருந்தன.

"படம் நல்லா இருக்கு, ஆராய்ச்சி எங்கேன்னு கேக்குறாங்க மேடம். போன தடவை வாயடைச்சுப் போய் நின்னேன். நாளைக்கு என்ன சொல்றது?"

ரெஹானா முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல கயிறு ஏன் சாய்ஞ்சு தொங்குது?"

"காத்து, மேடம்."

"முதல் படத்துல நேரா இருக்கு. அப்புறம் வர வரச் சாயுது, அதுவும் ஒரே பக்கமா. காத்து வாராவாரம் கூடிக்கிட்டே போகுமா சார்?"

பரஞ்சோதி சிரிக்கப் பார்த்தார். ரெஹானா விடவில்லை.

"கட்டடம் மட்டும் எல்லாத்துலயும் நூல் பிடிச்ச மாதிரி நிக்குதே?"

"அது நான் நேராக்கினது. அந்த மொட்டைமாடித் தரை சரியில்ல, கேமரா கோணிக்கும். கம்ப்யூட்டர்ல படத்தைக் கொஞ்சம் திருப்பிடுவேன். கல்யாண ஆல்பத்துல மண்டபத் தூண் கோணலா இருந்தா பொண்ணு வீட்டுக்காரங்க சும்மா விடுவாங்களா? கை பழகிப் போச்சு."

"எவ்வளவு திருப்புவீங்க?"

"முதல்ல திருப்பவே வேண்டியதில்ல. அப்புறம் கொஞ்சம். இப்பல்லாம்..." அதோடு நிறுத்திவிட்டார்.

"கை வைக்காத படத்தைக் காட்டுங்க."

மடிக்கணினியைத் திறந்தார். ரெஹானா தன் சாவியை ஒரு நூலில் கட்டித் திரைக்கு முன்னால் தொங்கவிட்டார். படத்தில் இருந்த கயிறு நூலோடு ஒட்டி நின்றது. கேமரா கோணவில்லை; கட்டடம்தான் நூலைவிட்டு விலகிச் சாய்ந்து நின்றது. அடுத்த படத்தில் இன்னும் விலகியது.

பரஞ்சோதிக்கு அக்கா சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கதவு மூட மாட்டேங்குதுடா. எலுமிச்சம்பழம் கீழே விழுந்தா தானா மூலைக்கு ஓடுதுடா. மழைக்கு மரம் ஊறியிருக்கும்க்கா என்று சமாதானம் சொன்னது இவர்தான்.

போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அக்கா எடுக்கவில்லை. மறுபடி போட்டார்.

"என்னடா, உலை கொதிக்குது."

"அடுப்பை அணைச்சிட்டுக் கீழே இறங்குக்கா. எல்லாரையும் கூப்பிடு. கட்டடம் சாயுது."

"காலங்காத்தால விளையாடாதே."

"அம்மா மேல சத்தியம்க்கா! இறங்கு!"

கடவுளே, நம்ப வையேன் என்று பரஞ்சோதி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மங்களம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கத்துவது கேட்டது. இதற்குள் ரெஹானா தீயணைப்பு நிலையத்துக்குப் பேசி விலாசம் சொல்லிவிட்டார்.

பரஞ்சோதி வாசல்வரை ஓடினார். பழக்கதோஷத்தில் கேமராப் பையைத் தோளில் மாட்டியிருந்ததை அங்கேதான் கவனித்தார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"மேடம், இதைக் கொண்டு போகலாமா?"

"கொண்டு போங்க. கடைசி ஆள் இறங்கின பிறகு எடுங்க," என்றார் ரெஹானா. "நேராக்காதீங்க."