ரெண்டாவது கரண்டி சால்னா

முள்ளிவிலக்கு பஸ் ஸ்டாண்டில் மூன்று புரோட்டாக் கடைகள். போட்டி போட்டு ஊற்றிய சால்னாவில் புரோட்டா நீச்சலடிக்கும். இது பொறுக்காத மீசைக்கார சொர்ணப்பாண்டி அண்ணாச்சி, மற்ற இரண்டு முதலாளிகளையும் கூட்டிவைத்துப் பேசினார். மறுநாளிலிருந்து மூன்று கடையிலும் ஒரே ஒரு கரண்டிதான்.

அண்ணாச்சி கடையில் லோடுமேன் இசக்கி, பாதிப் புரோட்டாவிலேயே சால்னா தீர்ந்துபோன இலையைக் காட்டினான். "அண்ணாச்சி, இன்னொரு கரண்டி..."

"மூணு கடையும் ஒரே பேச்சுலே. வேற எங்க போவே? இந்த ஊர்ல ரெண்டாவது கரண்டி நீ வாங்கிட்டா, என் மீசையை எடுத்துடுதேன்!"

மறுநாள் மற்ற இரண்டு முதலாளிகளும் வாசலில் நிற்கும் நேரம் பார்த்து, அண்ணாச்சி கடையிலிருந்து இசக்கி வெளியே வந்தான். வயிற்றைத் தடவினான். ஊருக்கே கேட்கும்படி ஏப்பம் விட்டான்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்!"

"எதைலே?" என்று அண்ணாச்சி கத்தியதை ஒருவரும் நம்பவில்லை.

மத்தியானமே எதிர்க்கடையில் இரண்டு கரண்டி. பக்கத்துக் கடையில் மூன்று. பொழுது சாய்வதற்குள், எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்த இசக்கியிடம் அண்ணாச்சியே வாளியோடு ஓடிவந்தார்.

"ஏலே, நம்ம கடைக்கு வா! வாளியோட ஊத்துதேன்!"

"ஊத்துங்க அண்ணாச்சி. முதல்ல அந்த மீசையை எடுத்துருங்க, சால்னாவுல விழுந்திரப் போவுது."