இருபதடிக்கு மேல் போகாத வீடு

மொட்டைப்பாறைப்பட்டிக்காரர்கள் சொன்ன சொல்லை மீறாதவர்கள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

அந்த ஊர்ச் சடைமாயன், மகள் ஒச்சம்மா கல்யாணத்துக்கென்றே ஒரு மாடி வீடு கட்டினார். சம்பந்தி ரொம்பக் கறார். "வீட்டுக்கு அனுமதிக் காகிதம் கையில வந்தாத்தான் தாலி" என்றுவிட்டார். முகூர்த்தம் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை ஆபீசர் வந்து டேப்பைப் பிடித்தார்.

"தரையிலிருந்து இருபதடிக்கு மேல போகக்கூடாதுய்யா. இது இருபத்திரண்டு. வெள்ளிக்கிழமை வருவேன், சரிபண்ணி வை."

சடைமாயன் தெருவில் நின்று கூப்பாடு போட்டார். ஊரே கூடியது.

"ரெண்டடியை இடிச்சிரலாமா?"

"புது வீட்டை இடிச்சா விளங்குமா?" என்றார் மொக்கச்சாமி. ஊரிலேயே மூளைக்காரர் என்று பெயரெடுத்தவர். "வீட்டைக் குறைன்னா சொன்னாரு? தரையிலிருந்துன்னுதானே சொன்னாரு? தரையை ஏத்து!"

அடடா, இது யாருக்குத் தோன்றும்! கண்மாய் மண் டிராக்டர் டிராக்டராக வந்து இறங்கியது. அளந்தால் இருபதடி, நூல் பிசகவில்லை. சடைமாயனுக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்தது. வாசலைப் பார்த்ததும் அது நின்றது. ஆறடி வாசல் நாலடியாகியிருந்தது.

"மாப்பிள்ளை குனிஞ்சு வரணுமே! மொத நாளே அவரைத் தலைகுனிய வைக்கலாமா?"

மொக்கச்சாமி தாடியைத் தடவினார். "வாசல் இருந்தாத்தானே குனியணும்? மூடிரு. மொட்டைமாடிப் படிக்கட்டு வழியா நிமிர்ந்தே இறங்கட்டும்."

"மாடிக்கு எப்படி ஏறுவாரு?"

"எதுக்கு ஏறணும்? மாடி வரைக்கும் மண்ணைப் போடு. ஆபீசரு மேல போகாதேன்னாரு. கீழ போகாதேன்னு சொல்லலையே."

மூன்று நாள் ராப்பகலாகக் கொட்டினார்கள். மண் உள்ளே வந்துவிடக்கூடாதென்று ஜன்னலையெல்லாம் மறக்காமல் சாத்தினார்கள். அவ்வளவு விவரம்.

வெள்ளிக்கிழமை ஒச்சம்மா உள்ளே பட்டுச்சேலை கட்டிக்கொண்டிருந்தாள். மேலே ஆபீசரும் சம்பந்தியும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள்.

"வீடு எங்கய்யா?" என்றார் ஆபீசர்.

"அது மேலதான் நிக்கிறீங்க. அளந்துக்கங்க சாமி" என்றார் சடைமாயன்.

ஆபீசர் டேப்பை நீட்டினார், சுருட்டினார், மறுபடி நீட்டினார். அளக்க ஒன்றுமில்லை. தலை கிறுகிறுக்க, 'காலி மனை. வீடு கட்டிக்கொள்ள அனுமதிக்கலாம்' என்று எழுதிச் சீல் குத்திவிட்டு, திரும்பிப் பாராமல் நடையைக் கட்டினார்.

காகிதம் கைக்கு வந்ததும் சடைமாயன் குதியாய்க் குதித்தார். சம்பந்தி அதை வாங்கி எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"காலி மனைன்னுல்ல போட்டிருக்கு? வீடு எங்க?"

சடைமாயன் எட்டிப் பார்த்தார்; அப்படித்தான் போட்டிருந்தது. சீல் வைத்த காகிதம் பொய் சொல்லுமா? மொக்கச்சாமி உடனே மொட்டைமாடியில் சுண்ணாம்புக்கோடு கிழித்து, அஸ்திவாரத்துக்குக் கடப்பாறையை ஓங்கினார்.

அந்நேரம் படிக்கட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"அப்பா, மாப்பிள்ளை வந்தாச்சா? உள்ள எல்லாம் தயார்!"

"செத்த பொறு தாயி," என்று கீழே குனிந்து கத்தினார் சடைமாயன். "நாம இன்னும் வீடே கட்டலையாம்!"