பத்தியச் சீட்டின் கடைசி வரி

சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டுப்போன தவமணிக்கு, வைத்தியர் அருணகிரியிடம்தான் மருந்து இடிக்கிற வேலை. "ஆஸ்பத்திரி மாத்திரையைத் தூக்கிப் போடு, என் கஷாயம் போதும்" என்றார் அவர். மூன்று மாதம் உப்பில்லை, புளியில்லை, நாக்கே செத்துப்போயிற்று. ரத்தத்தில் ஏறவே கூடாத கிரியாட்டினின் அளவு மட்டும் இரண்டிலிருந்து மூன்றரைக்கு ஏறியது. கேட்டால், "பத்தியத்தை முறிச்சிருப்பே!" என்பார். எத்தனை தடவைதான் சத்தியம் செய்வாள்?

இந்த லட்சணத்தில் வைத்தியரின் இலவச மருத்துவ முகாம் வேறு. "மேடையேறிக் குணமாயிடுச்சுன்னு சொல்லு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

தவமணி ஏறினாள். மைக் முன்னால் நின்று, அவர் அச்சடித்துக் கொடுத்த பத்தியச் சீட்டை நீட்டினாள்.

"ஐயா, கடைசி வரியை நீங்களே வாசிங்க."

கூட்டம் பார்க்கிறதே என்று அவரும் கம்பீரமாக வாசித்தார்: "மருந்துண்ணும் காலத்தில் பொய் பேசலாகாது. பேசினால் பத்தியம் முறியும்."

"நீங்க சொல்லச் சொன்னதைச் சொன்னா, மூணு மாசம் காப்பாத்தின பத்தியம் இப்போ முறிஞ்சிடுமே! அதனால உள்ளதைச் சொல்றேன். கிரியாட்டினின் ரெண்டா இருந்தது மூணரை ஆச்சு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இவ பத்தியத்தை முறிச்சவ!" என்று கத்தினார் வைத்தியர்.

"முறிக்கிறவளா இருந்தா, குணமாயிடுச்சுன்னே சொல்லியிருப்பேனே ஐயா."

சீட்டை அவர் கையிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். "நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அந்தக் கஷாயத்தை இனி நீங்க குடிங்க, கடைசி வரிக்காகவாவது."