பேராச்சி சொன்ன சாட்சி

மேலக்காட்டில் நடந்த கபடிப் போட்டியில் இரண்டு அணிக்கும் சமமான புள்ளி. கடைசி ரெய்டு போன இசக்கிராஜ், எதிரணியில் ஒருவனைத் தொட்டுவிட்டுத் தன் பக்கம் வந்து சேர்ந்து களத்துக்குள்ளேயே நின்றான்.

"கால் கோட்டுக்கு வெளியே போச்சு, அவுட்!" என்று புளியடிப்பட்டி அணியினர் கத்தினார்கள். உள்ளூர்க்காரர்கள் கல்லைக் கையில் எடுத்தார்கள். நடுவர் பயந்துபோய் மேடைப் பக்கம் ஒதுங்கினார்.

இசக்கிராஜின் அப்பா பூதலிங்கம்தான் ஊராட்சித் தலைவர். மேடையிலிருந்து இறங்கி வந்தவர், மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் பேராச்சியைக் கூப்பிட்டார்.

"கோட்டுப் பக்கத்துல நின்னது நீதான். எம் மவன் கால் வெளிய போகலன்னு எல்லாருக்கும் கேக்கச் சொல்லு. மாத்திச் சொன்னா நாளையில இருந்து வேலைக்கு வராத."

பேராச்சி குடத்தைக் கீழே வைத்தாள்.

"தலைவரே, ஜெயிச்ச பிள்ளைய இப்படியா தரையில நிறுத்தி வைக்கது? முதல்ல தோள்ல தூக்கச் சொல்லுங்க. பொறவு சொல்லுதேன்."

பூதலிங்கத்துக்கு உச்சி குளிர்ந்தது. "தூக்குங்கலே!"

நாலு பேர் தூக்கினார்கள். இசக்கிராஜின் வலது உள்ளங்காலில் செம்மண் சேறு அப்பியிருந்தது. களத்துக்குள் இருந்ததோ காய்ந்த ஆற்றுமணல். கடைசி ரெய்டுக்குச் சற்று முன்பு, புழுதி அடங்குவதற்காகப் பேராச்சி தண்ணீர் தெளித்தது கோட்டுக்கு வெளியே இருந்த செம்மண்ணில் மட்டும்தான்.

"இனி நான் வேற சொல்லணுமா, தலைவரே?"

யாரோ சிரித்தார்கள். பூதலிங்கம் வாய் திறப்பதற்குள் இசக்கிராஜ் தோளிலிருந்து குதித்து, எதிரணித் தலைவனின் கையைப் பிடித்தான்.

"நான் அவுட்தாண்ணே. ஜெயிச்சது நீங்கதான்."

மகனே சொன்ன பிறகு, அப்பாவும் கைதட்ட வேண்டியதாயிற்று.