மூன்று கை உப்பு

கல்யாணச் சாம்பாரில் மூன்று பேர் உப்புப் போட்டுவிட்டார்கள்.

வழக்கமாக, போட்டவர் "உப்பு ஆச்சு!" என்று கத்துவார். அன்று காலைதான் மண்டபத்துப் புது மேனேஜர் நமச்சிவாயம், சமையல்கட்டில் பேச்சே கூடாதென்று உத்தரவு போட்டிருந்தார்.

இப்போது அவரே ருசி பார்த்துத் துப்பினார். "எவன் செஞ்சது? சொல்லலேன்னா எல்லாருக்கும் வேலை போச்சு!"

பாத்திரம் கழுவும் சுடலி கையைத் தூக்கினாள்.

"பேசலாமா ஐயா?"

"பேசித் தொலை!"

"போட்டது மூணு பேரு. போட்டதைச் சொல்லவிடாதது ஒரு ஆளு."

மேனேஜர் முகம் சுருங்கியது. "பந்திக்கு ஒரு மணி நேரந்தானே இருக்கு, தாயி?"

"எல்லாரும் பேசினா போதும். அண்ணே, பாதியை வேற அண்டாவுல மாத்துங்க! மதினி, உப்பில்லாம பருப்பு வேகவைங்க, ரெண்டுலயும் கலந்துடலாம்!"

அடுப்படி கலகலத்தது. பந்தியில் சாம்பாரைக் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா பாராட்ட வந்தபோது மேனேஜரே கைகாட்டினார், ஈரக்கையோடு நின்ற சுடலியை.